உடும்பு ரத்தமும் ஊர்ப் பெருமையும்

இழுப்பு நோய்க்கு உடும்பு ரத்தம் நல்லது என்று நம் பக்கத்தில் சொல்கிறவர்களிடம் "யார் சொன்னது?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னார் என்பார்கள். பக்கத்து ஊருக்குப் போய்க் கேட்டால், அவர் இந்த ஊர்க்காரரைக் கை காட்டுவார். இப்படி ஊருக்கு ஊர் கை காட்டிக்கொண்டே போய், யாரும் பொறுப்பேற்காத ஒரு விஷயத்தை எல்லாரும் நம்புகிற நிலைமைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இதற்குப் பரம்பரை வைத்தியம் என்று ஒரு பட்டமும் கட்டியாகிவிட்டது. பட்டம் கட்டிய பிறகு அதைக் கேள்வி கேட்கிறவன் ஊர்ப் பெருமைக்கு விரோதி.

அந்த விரோதத்தைச் சம்பாதித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு உடும்பைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. கிளுவை முள்வேலி கட்டிய கொறங்காடு; உள்ளே வெள்வேல மரம்; மரத்தடியில் காங்கேயம் மாடு; மேட்டில் ஒரு கரையான் புற்று. அந்தப் புற்றுக்குள்தான் உடும்பு முட்டையிடுகிறது. வெயில் ஏறியதும் வெளியே வந்து, நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு, வண்டு, நத்தை, நண்டு, எலிக்குஞ்சு, பறவை முட்டை, செத்த பிராணி என்று கிடைத்ததையெல்லாம் விழுங்குகிறது. குடியானவனுடைய பயிரை அது தொடுவதில்லை. பயிரைத் தொடுகிற பூச்சியையும் எலியையும்தான் தொடுகிறது. இந்தச் சாப்பாட்டுப் பட்டியலை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, நத்தையை.

இந்த உடும்பைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் மூன்று வகை. குழந்தைக்கு இழுப்பு வந்து, ராத்திரி முழுவதும் அதன் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய் ஒரு வகை. லாரி ஓட்டியோ மூட்டை தூக்கியோ இடுப்பு விட்டுப்போன உழைப்பாளி இரண்டாவது வகை. மூன்றாவது வகையைப் பற்றி மரியாதையாகச் சொல்வது கஷ்டம். கையில் பணமும், தோட்டத்தில் ஒரு பங்களாவும், தன் ஆண்மையைப் பற்றி மனசுக்குள் ஒரு சந்தேகமும் உள்ள நடுவயதுக் கனவான்கள் அவர்கள். முதல் இரண்டு வகையினரும் பயத்தினாலும் வலியினாலும் வருகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்றாவது ஆசாமி வீம்புக்காக வருகிறார். விலையை ஏற்றி வைப்பவரும் அவர்தான். பச்சை ரத்தத்தைச் சாராயத்தில் கலந்து குடிப்பதை ஒரு வீரமாகக் கொண்டாடி, அதைச் செல்போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிறவரும் அவர்தான்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மாமிசம் சாப்பிடாதவன் மாமிசம் சாப்பிடுகிறவனுக்குச் செய்யும் உபதேசம் அல்ல. நான் கிடா விருந்தில் முதல் பந்தியில் உட்காருகிறவன். வெள்ளாட்டுக் கறியின் ருசி தெரியும். தலைக்கறியும் குடலும் தெரியும். ரத்தப் பொரியலும் தெரியும். ரத்தப் பொரியல் என்று சொல்லும்போதே அதில் ஒரு பாடம் இருக்கிறதே, கவனித்தீர்களா? நம் வீட்டுப் பெண்கள் ஆட்டு ரத்தத்தைக்கூட வேக வைத்து, வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் போட்டுப் பொரித்துத்தான் இலையில் வைக்கிறார்கள். கறி அரை வேக்காடாக இருந்தால் பந்தியிலேயே சண்டை வந்துவிடும். கண்ணெதிரே வளர்த்த ஆட்டிடம் இத்தனை ஜாக்கிரதை. எங்கே திரிந்தது, எதைத் தின்றது என்றே தெரியாத ஒரு காட்டுப் பிராணியிடம் மட்டும் கழுத்தை அறுத்து அப்படியே குடிக்கிற நம்பிக்கை! இந்தத் தர்க்கம் எனக்குப் பிடிபடவில்லை.

"ஏனுங்க, எங்க தாத்தன் காலத்திலிருந்து தின்னுட்டு வர்றமுங்க. ஒண்ணும் ஆகலீங்களே!" என்பார்கள்.

தாத்தா தின்றது வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் அவர் எப்படித் தின்றார்? காட்டில் வேட்டையாடிப் பிழைத்த ஜனங்கள் உடும்பை நெருப்பில் வாட்டி, தோலை உரித்து, மறுபடியும் சுட்டோ குழம்பு வைத்தோ தின்றார்கள். நெருப்பு அவர்களுக்குத் தெரிந்த முதல் வைத்தியன். பச்சையாகக் குடித்தால்தான் சத்து, வேக வைத்தால் சத்து போய்விடும் என்கிற பேச்சுதான் வினையாக வந்து சேர்ந்தது. மேலும், 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்ல உயிரோடு இருப்பவர்களைத்தானே நாம் கேட்க முடிகிறது? தலைவலி வந்து, கழுத்து விறைத்து, ஜன்னி கண்டு செத்தவன் வந்து சாட்சி சொல்வதில்லை. அவனைக் காற்று அடித்தது என்றோ முனி அறைந்தது என்றோ முடித்துவிட்டோம். தின்ற உடும்புக்கும் செத்த சாவுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளிதான் இந்த வைத்தியத்தின் நற்பெயரை இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறது.

அந்த இடைவெளியில் உடம்புக்குள் நடப்பது என்ன என்பதை விஞ்ஞானம் நன்றாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கதை எலியிடம் ஆரம்பிக்கிறது. எலியின் நுரையீரல் ரத்தக் குழாயில் ஒரு மெல்லிய புழு குடியிருக்கிறது. 1935இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நகரத்தின் பெயரையே இதன் விஞ்ஞானப் பெயரிலும் சேர்த்தார்கள். ஆங்கியோஸ்ட்ராங்கைலஸ் காண்டொனென்ஸிஸ் என்று வாய் சுளுக்கிக்கொள்ளும் பெயர். நமக்கு 'எலி நுரையீரல் புழு' என்பது போதும். இதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையோடு வெளியே வருகின்றன. புழுக்கையை நத்தை மேய்கிறது. நத்தையின் சதைக்குள் அவை அடுத்த பருவத்துக்கு வளர்ந்து காத்திருக்கின்றன. அந்த நத்தையை எலி தின்றால் வட்டம் பூர்த்தியாகிவிடும். எலிக்குப் பதிலாகத் தவளையோ நண்டோ உடும்போ தின்றால், அவை அந்தப் பிராணியின் சதையிலே சாகாமல், வளராமல், உறங்கிக்கொண்டு கிடக்கும். தாய்லாந்தில் 1990களில் உடும்புகளை அறுத்துச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றின் உடலில் இந்தப் புழுக்குஞ்சுகளைக் கண்டார்கள். நம் கொறங்காட்டில் திரிகிறதே, அதே இனத்து உடும்பு.

இனி மனிதன் வருகிறான். உடும்பை வேக வைக்காமல் தின்கிறான். உறங்கிய குஞ்சுகள் விழித்துக்கொள்கின்றன. எலியின் உடம்பில் அவை போகிற வழி குடலிலிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து மூளைக்கு, மூளையில் கொஞ்ச நாள் வளர்ந்து பிறகு நுரையீரலுக்கு. மனிதனிடமும் அதே வழியில்தான் கிளம்புகின்றன. ஆனால் மனிதன் எலி அல்ல. அவை மூளையோடு நின்றுவிடுகின்றன. அங்கேயே அலைந்து அங்கேயே சாகின்றன. செத்த புழுவை எதிர்த்து உடம்பு நடத்துகிற யுத்தத்தில் மூளையுறை வீங்குகிறது. பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, தோலில் எங்கோ எறும்பு ஊர்வது போலவும் நெருப்புப் பட்டது போலவும் எரிச்சல். பலர் சில வாரங்களில் பிழைத்து எழுந்துவிடுகிறார்கள். சிலருக்குப் பார்வை போகிறது. சிலர் நினைவு இழக்கிறார்கள். சிலர் எழுந்திருப்பதே இல்லை.

இது எங்கோ சீனாவிலும் சயாமிலும் நடக்கிற சமாசாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்து டாக்டர்கள் இப்படிப்பட்ட மூளைக்காய்ச்சல் கண்ட நோயாளிகளைப் பற்றி 2006ஆம் ஆண்டு மருத்துவ ஏடுகளில் எழுதினார்கள். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில், புழு நோய்க்கு அடையாளமான ஒரு வகை வெள்ளை அணு மிதமிஞ்சி இருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவிக் கேட்டபோது, பச்சை உடும்பு மாமிசம் சாப்பிட்டது வெளியே வந்தது. எதற்காகச் சாப்பிட்டார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அங்கேயும் அதற்கு மருந்து என்றுதான் பெயர்.

நத்தையின் பங்கையும் லேசாக நினைக்கக் கூடாது. ஆப்பிரிக்க ராட்சச நத்தை என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இப்போது கேரளத்தை உண்டு இல்லையென்று ஆக்கிக்கொண்டிருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. அது தானாக வந்த விருந்தாளி அல்ல. 1847இல் வில்லியம் பென்ஸன் என்ற வெள்ளைக்கார நத்தைப் பிரியர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த ஜோடியிலிருந்து பரவிய பரம்பரை. இந்தப் புழு குடியிருப்பதற்கு இதைவிட நல்ல மாளிகை கிடையாது. தாத்தா காலத்து உடும்பு தின்ற நத்தை வேறு. இன்றைய உடும்பு தின்கிற நத்தை வேறு. ஆகவே, தாத்தா காலத்துச் சாட்சியம் இன்றைக்குச் செல்லாது. சிட்னி நகரத்தில் 2010இல் ஓர் இளைஞன் சிநேகிதர்களின் பந்தயத்துக்காக ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கினான். அதே புழு. ஓராண்டுக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து, உடம்பு செயலற்றுப் போய், 2018இல் செத்தான். அந்தப் பந்தயத்துக்கும் நம் தோட்டத்து பங்களாவில் நடக்கிற பந்தயத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இந்தப் புழு ஒன்றுதானா? பாம்பு, ஆமை, தவளை இவற்றின் பச்சை மாமிசத்தில் இன்னும் பல உண்டு. நாயின் குடலிலும் பூனையின் குடலிலும் வளர்கிற ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம் பாம்பின் சதையிலும் தவளையின் சதையிலும் வெள்ளை நூல் மாதிரி சுருண்டு கிடக்கும். 1882இல் பாட்ரிக் மேன்ஸன் என்ற டாக்டர் சீனாவில் ஒரு பிரேதத்தை அறுத்தபோது இதை மனித உடம்பில் கண்டார். தோலுக்கடியிலும் கண்ணிலும் மூளையிலும் இது ஆண்டுக்கணக்காகக் குடியிருக்க வல்லது. ஆப்பிரிக்காவில் பாம்புக் கறி தின்கிற இடங்களில் 'நாக்குப் புழு' என்று ஒன்று. பெயர்தான் புழு, உண்மையில் அது இறால், நண்டு வகைக்குச் சொந்தம். பாம்பின் நுரையீரலிலிருந்து மனிதனின் ஈரலுக்குக் குடிபெயர்ந்துவிடும். 2008இல் தைவானில் ஒரு ஜப்பானிய உணவு விடுதியில் ஆமை மாமிசத்தைப் பச்சையாகச் சாப்பிட்ட எட்டுப் பேருக்குத் தசைகளைத் துளைக்கிற புழு நோய் கண்டது. நம் தூத்துக்குடியில் ஒரு காலத்தில் கடலாமையின் ரத்தத்தைச் சூடு ஆறுவதற்கு முன்பே குடிப்பார்கள். அதுவும் மருந்து என்றுதான். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பழமொழி சொல்கிற அதே நாட்டில், ஆமை வயிற்றுக்குள் புகுவதற்கு மட்டும் ஆட்சேபம் இல்லை!

தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்தில் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹரிப்ரியா பண்டி என்ற பெண் டாக்டர் 64 வயது மாது ஒருவரின் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார். மறதியும் மனச்சோர்வும் அதிகமாகி வந்த நோயாளி. டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தது எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நெளிகிற ஓர் உயிருள்ள புழு. மலைப்பாம்பின் வயிற்றில் வாழ வேண்டிய புழு அது. மனிதனிடம் கண்டது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. அந்த அம்மாள் பாம்பைத் தின்னவில்லை, தொடவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் மலைப்பாம்புகள் திரிகிற ஏரிக்கரையில் கீரை பறித்துச் சமைத்தார். பாம்பின் எச்சத்தில் இருந்த முட்டை கீரையிலோ கையிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது டாக்டர்களின் முடிவு. கீரையைக் கழுவுவதில் ஏற்பட்ட குறைக்கே இந்தத் தண்டனை என்றால், கழுத்தறுத்துக் குடிக்கிறவனுக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

"சாராயத்தில் கலந்தால் புழு செத்துவிடும்" என்று ஒரு சமாதானம் உண்டு. சாராயத்தில் கலங்குவது குடிக்கிறவனின் புத்திதான். புழுவைக் கொல்ல அதை நம்ப முடியாது. மிளகாய்த் தூளும் எலுமிச்சம் சாறும் அப்படித்தான். புழுவைக் கொல்வது நெருப்பு. சதை முழுவதும் உள்வரைக்கும் கொதித்து வேக வேண்டும். "அப்படியானால் நன்றாக வேக வைத்துத் தின்கிறோம்" என்பீர்களானால், பச்சையில்தான் சத்து என்று இதுவரை சொன்னது என்னவாயிற்று? வெந்தால் போய்விடுகிற சத்து எது என்று இப்போது தெரிகிறதா? வெந்தால் போவது புழு ஒன்றுதான். "பூச்சி மாத்திரை போட்டுக்கொண்டால் தீர்ந்தது" என்பது இன்னொரு சமாதானம். மூளைக்குள் இருக்கிற புழுவை ஒரே அடியில் கொன்றால், செத்த புழுவே வீக்கத்தை அதிகப்படுத்தும். அந்த வீக்கத்தை அடக்க வேறு மருந்து கொடுத்து, நோயாளியைப் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். அது டாக்டர் செய்கிற காரியம். மருந்துக் கடைப் பையன் செய்கிற காரியம் அல்ல.

எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாக இருப்பது இந்த வைத்தியத்தின் தத்துவம். உடும்பு பிடித்தால் விடாது. ஆகவே உடும்பைத் தின்றவனுக்கு இடுப்பு உறுதியாகும். மயில் ஆடும், ஆகவே மயிலைத் தின்றால் முடவன் ஆடுவானா? கழுதை சுமக்கும் என்பதற்காகக் கழுதைக் கறி தின்று மூட்டை தூக்கப் போகிறோமா? ஒரு பிராணியின் குணம் அதன் ரத்தத்தில் கரைந்திருக்கிறது என்றால், இத்தனை தலைமுறையாக ஆடு தின்கிற நாம் இந்நேரம் தழை மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

"ஊர்வனவற்றில் மருந்தே இல்லை என்கிறாயா?" என்று கேட்கலாம். இருக்கிறது என்கிறேன். அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா என்ற விஷப் பல்லி ஒன்று உண்டு. அதன் விஷ உமிழ்நீரில் ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அதைச் சோதனைச்சாலையில் செயற்கையாகச் செய்து, நீரிழிவுக்கு மருந்தாக 2005இல் கொண்டுவந்தார்கள். அதற்காக யாரும் அந்தப் பல்லியின் கழுத்தை அறுத்துக் குடிக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பை உயிரோடு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. கடலைக் காட்டில் விரியன் கடித்துக் கோவை ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தவன் தன் உயிருக்கு இப்படிப்பட்டவர்களின் கைத்தொழிலுக்குக் கடன்பட்டவன். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள்; 2023இல் நம் சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. பரம்பரை அறிவு என்றால் அதுதான் பரம்பரை அறிவு. அதைச் சோதிக்கலாம், அளக்கலாம். அதனால் பிழைத்தவர்களை எண்ணலாம். பங்களா வாசலில் பச்சை ரத்தம் குடிப்பதற்கு அந்தப் பெயரை இரவல் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை.

இந்தக் கனவான்கள் செய்கிற இன்னோர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. 2022இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சட்டம் பிடித்தவனையும் குற்றவாளி என்கிறது, வாங்கியவனையும் குற்றவாளி என்கிறது. ஆனால் அகப்படுகிறவன் யார்? நாய் ஒன்றும் சுருக்குக் கம்பி ஒன்றும் வைத்துக்கொண்டு, அன்றாடம் சோற்றுக்காகக் காட்டில் அலைகிறவன். அவன் கையில் உடும்பு இருக்கும்போது பிடிபடுகிறான். அவனுக்கு முன்பணம் கொடுத்து அனுப்பியவர் மாலையில் கோயில் திருப்பணிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். உடும்புக்கு நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இந்த ஆசாமிகளுக்கும் அப்படித்தான். ஒரு நாக்கு 'நம் பண்பாடு' என்று பேசும். இன்னொரு நாக்கு வனத்துறை ஜீப்பைக் கண்டால் 'எனக்கொன்றும் தெரியாது' என்று பேசும்.

இவர்களை விட்டுவிடலாம். முதலில் சொன்னேனே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த தாய், அவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவள் ஏன் உடும்பைத் தேடிப் போகிறாள்? வெள்ளகோவிலைச் சுற்றி இன்று விசைத்தறி ஓடுகிறது. கழிவுப் பஞ்சை நூலாக்குகிற மில்கள் ஓடுகின்றன. பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடையில் தண்ணீர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்து அலுத்த குடியானவன் பிள்ளைகள் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோய் ஒன்றை டாக்டர்கள் வெகு காலமாக அறிவார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திருந்துவிட்டு மறுநாள் ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சை அடைக்கும். அதனால் மேல்நாட்டில் அதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர். அப்பனுக்கு இருமல். தறிக் கொட்டகையை ஒட்டிய வீட்டில் வளர்கிற குழந்தைக்கு இளைப்பு இருந்தால், தூசி அதைக் கிளப்பிவிடுகிறது. இந்த நிலையில் கேட்க வேண்டிய கேள்வி என்ன? கொட்டகையில் தூசி உறிஞ்சும் யந்திரம் ஏன் இல்லை என்பது. குழந்தைக்கு மூச்சில் இழுக்கிற மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறோமா என்பது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முதலாளிக்குப் பணம் செலவாகும். உடும்பு ரத்தத்துக்கு முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை. ஆகவே அவரும் "உடும்பு ரத்தம் ரொம்ப நல்லதுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்.

மூச்சில் இழுக்கிற மருந்தைப் பற்றி நம் ஜனங்களுக்கு ஒரு பயம்: "அது பழகிப்போயிரும், அப்புறம் விட முடியாது." சாப்பாடுகூடத்தான் பழகிப்போயிருக்கிறது, விட முடிகிறதா? இளைப்பு நீண்ட நாள் நோய். நீண்ட நாள் மருந்து வேண்டும். அந்த மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, கொஞ்சமாகப் போதும். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகள் அதை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பந்து விளையாடுகின்றன. அதற்குப் பயந்து, எலிப் புழுவை மூளைக்கு அனுப்பக்கூடிய ரத்தத்தைத் தன் கையாலேயே புகட்டுகிறாள் ஒரு தாய். இளைப்பு சிறிது நாளில் தானாகத் தணிந்தால், உடும்புக்குப் பெயர். தலைவலியும் வாந்தியும் வந்தால், குழந்தையின் தலைவிதி. இப்படி லாபத்தை மட்டும் கணக்கில் எழுதி நஷ்டத்தை விதியின் பேரில் எழுதுகிற வியாபாரத்தை நம் ஊர் எண்ணெய் மண்டிக்காரர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தால், ஜுரம் உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்கிறீர்கள். "போன மாதம் உடும்பு, தவளை, ஆமை, நத்தை ஏதாவது தின்றாயா?" என்றும் கேளுங்கள். கோபித்துக்கொண்டு கேட்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தால் வாயைத் திறக்க மாட்டான். கேரளத்து டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதனால்தான் உண்மை வெளியே வந்தது. தின்றவர்களும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். தின்றது தப்பு, மறைப்பது தற்கொலை.

வனத்துறைக்குச் சொல்வது இது: கம்பி வைத்தவனோடு வழக்கை முடித்துவிடாதீர்கள், பணம் கொடுத்தவர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அப்படி நாலு கதவு தட்டப்பட்டால் ஐந்தாவது கதவுக்காரருக்கு ஆண்மைச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும். பள்ளிக்கூட வாத்தியார்கள் எலியிலிருந்து நத்தைக்கும் நத்தையிலிருந்து உடும்புக்கும் உடும்பிலிருந்து மனிதனுக்கும் போகிற அந்த வழியைக் கரும்பலகையில் ஒரு நாள் வரைந்து காட்டட்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொல்வார்கள். பாட்டியை ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள் பேரன்தான்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்.' வளைக்குள் கையை விட்டு, பிடித்ததைப் பிடிக்க முடியாமல், பிடிபட்டவன் சொல்கிற வார்த்தை அது. இந்த ஒரு பழமொழியில் தாத்தா காலத்து அறிவு முழுவதும் இருக்கிறது. ரத்தம் குடிக்கிற பெருமையில் அது இல்லை. வளையில் கிடக்கிற உடும்பாவது, நாம் சும்மா இருந்தால், எப்போதாவது கையை விட்டுவிடும். மூளைக்குள் ஏறிவிட்ட புழுவிடம் அந்தக் கெஞ்சல் செல்லாது. ஆகவே கையை விடுவதற்கு முன்பே, உடும்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.